ஆள்காட்டி விரலில் ஒரு பிளாஸ்திரி

சலவை மெஷினில் நாற்பத்தொன்று என்று சிவப்பு எழுத்து விழுந்ததும் திலகவதி பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாற்பத்தொரு நிமிஷம். இது ஓடி முடிக்கும்போது மணி மூன்றரை ஆகிவிடும், மூன்றரைக்குச் சிறப்புப் பள்ளியிலிருந்து பெனிட்டா டீச்சர் வருவாள், மடியில் கிடக்கிற, ஜெசிந்தாவைப் பற்றிய இந்தப் படிவத்தை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய் எச்.ஆர். சாரிடம் கொடுப்பாள். மொத்தம் ஆறு கேள்வி. இரண்டுக்கு டிக் போட்டாயிற்று. நேரத்துக்கு வேலைக்கு வருகிறாரா, எப்போதும். சக ஊழியர்களுடன் ஒத்துப்போகிறாரா, எப்போதும். மூன்றாவதில் வந்து பேனா நின்றுவிட்டது. பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றுகிறாரா. அதற்கு நேரே மூன்று கட்டம். திலகவதி அந்த வரியைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பின்னால் ஒரு தடவை, இப்போது ஒரு தடவை படித்துவிட்டாள். சாப்பாடு என்றால் டப்பாவைத் திறந்து மூடினதுதான். எதிரே, துணி மடிக்கிற நீள மேசைக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு ஜெசிந்தா நிற்கிறாள். இருபத்தொரு வயது. நீல மேலங்கி தோளில் சற்றுப் பெரிது. தலையணை உறையை எடுக்கிறாள், உதறுகிறாள், விளிம்போடு விளிம்பு சேர்க்கிறாள், மடிக்கிறாள், திருப்பி மறுபடி மடிக்கிறாள், அடுக்கில் வைக்கிறாள். பத்து ஆனதும் ஒரு அட்டை. பிறகு அடுத்த பத்து. மூன்று மாதமாக இதுதான், இதில் அவளை மிஞ்ச இந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆள் இல்லை. ஆனால் இன்றைக்கு வலது கை ஆள்காட்டி விரலை மட்டும் துணியில் படாமல் தனியாக நீட்டி வைத்துக்கொண்டு மடிக்கிறாள். அந்த விரலில் பிளாஸ்திரி. நேற்றுப் போட்டது, ஓரம் கறுத்து உரியத் தொடங்கியிருக்கிறது. திலகவதிக்கு அந்த விரலைத் தவிர அறையில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

நேற்று, பதினொன்றே கால். மணியை எதற்காகப் பார்த்தோம் என்று தெரியவில்லை, ஆனால் சுவர்க் கடிகாரத்தின் முள் அப்படியே கண்ணுக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது. செண்பகம் லீவு. செண்பகம்தான் அழுக்குத் துணி அறையில் மூட்டை பிரிக்கிறவள். எல்லா வார்டிலிருந்தும் வருகிற பெட்ஷீட், போர்வை, ரத்தம் பட்டது, வாந்தி பட்டது, மூத்திரம் பட்டது, எல்லாவற்றையும் உதறிப் பார்த்து, உள்ளே பஞ்சு இருக்கிறதா, கண்ணாடிக் குப்பி இருக்கிறதா, ஊசி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து மெஷினுக்கு அனுப்ப வேண்டும். கை நிறைய வேலை. மேலே ஆபரேஷன் தியேட்டரிலிருந்து துணி கேட்டு இரண்டு தடவை போன் வந்துவிட்டது. எட்டு மூட்டை பிரிக்காமல் கிடக்கிறது. திலகவதி ஒருத்தியே நாலு மூட்டை பிரித்தாள், இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது, திரும்பிப் பார்த்தால் ஜெசிந்தா தன் வேலையை முடித்துவிட்டுச் சும்மா நிற்கிறாள். சும்மா கூட இல்லை, அடுத்த துணி வருவதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்து நிற்கிறாள். ஒரு நிமிஷ யோசனைதான். ஒரு நிமிஷம்கூட இல்லை. ஏ ஜெசி, இங்க வா, இந்த மூட்டைய மட்டும் பிரிச்சுத் தா. அவ்வளவுதான் சொன்னது. அந்தப் பிள்ளை வந்தாள், வந்து சிவப்புக் கோட்டுக்கு முன்னால் நின்றுவிட்டாள். அழுக்குத் துணி அறை வாசலில் தரையில் ஒட்டியிருக்கிற சிவப்பு டேப். பெனிட்டா டீச்சர் முதல் வாரத்தில் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அந்தக் கோட்டின் முன்னால் நிறுத்தி, நில், நில், நில் என்று நாற்பது தடவையாவது பழக்கியிருப்பாள். ஜெசிந்தா கீழே பார்த்தாள். அக்கா, நான் அங்க வரக் கூடாது என்றாள். அப்போது திலகவதி சொன்னாள், இன்னைக்கு ஒரு நாள் வரலாம்.

அந்த வார்த்தை. இன்னைக்கு ஒரு நாள். யார் வாயிலிருந்தோ வந்தது மாதிரி இருக்கிறது, நினைக்க நினைக்க. எப்போதும், சில நேரம், இல்லை. விதியைப் பின்பற்றுகிறாரா. அவள் பின்பற்றினாள். அவளைத் தாண்ட வைத்தது யார் என்று கேட்க இந்தப் படிவத்தில் இடம் கிடையாது. மெஷினில் முப்பத்தெட்டு. தடித்த ரப்பர் கையுறை இரண்டு ஜோடிதான், ஒன்று செண்பகத்தின் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது, இன்னொன்றைத் திலகவதி போட்டிருந்தாள், அதனால் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தது மெல்லிசு. ஊதினால் கிழிகிற வெள்ளைக் கையுறை. தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கத் தோன்றவில்லை. தோன்றவில்லையா, இல்லை தோன்றியும் வேண்டாம் என்று விட்டோமா, அதுதான் நேற்றிலிருந்து பிடிபடாமல் நழுவுகிறது. மூன்றாவது மாடி ஆண்கள் வார்டு மூட்டை, பச்சை அட்டை. பாதி பிரித்திருப்பாள், ஒரு சத்தமும் இல்லை, திரும்பிப் பார்த்தால் ஜெசிந்தா கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு விரலைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். குத்திட்டு என்றாள். வலிக்கி என்றாள். அழவில்லை. கையுறையின் நுனியில் உள்பக்கமாக ஒரு சிவப்பு, மிளகு அளவு. போர்வை மடிப்பில் அந்த ஊசி, மூடி இல்லாமல், நீளமாக.

திலகவதி அவளை இழுத்துக்கொண்டு குழாய்க்கு ஓடினாள். சோப்பைப் போட்டாள், விரலைப் பிதுக்கினாள், தண்ணீர் விட்டாள், மறுபடி பிதுக்கினாள். பிதுக்கியிருக்கக் கூடாதாம். அது இன்றைக்குக் காலையில்தான் தெரிந்தது. ஊசியை ஊசிப் பெட்டிக்குள் போட்டாள். பிளாஸ்திரி ஒட்டினாள். இதெல்லாம் செய்துகொண்டிருக்கும்போதே தலைக்குள் ஓடினது அந்தப் பிள்ளையின் விரல் இல்லை, பாக்கியத்தம்மாளின் முகம். பாக்கியத்தம்மாள் இதற்கு முன்னால் இங்கே சூப்பர்வைசர். கூட்டுகிற பெண் ஒருத்திக்கு ஊசி குத்தி, அதை இரண்டு நாள் மறைத்து, மூன்றாம் நாள் வெளியே வந்து, அன்று மத்தியானமே சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவாமல் பையில் போட்டுக்கொண்டு வாசலோடு போனாள். பதினாறு வருஷ வேலை. யாரும் அவளிடம் போய்ட்டு வாரேன் என்று சொல்லக்கூட இல்லை, திலகவதியும் சொல்லவில்லை, மெஷின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அந்த நாற்காலிதான் இது. இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் மகள் அபிநயாவை இந்த ஆஸ்பத்திரி நர்சிங் கல்லூரியிலேயே சேர்த்தாள், ஊழியர் பிள்ளை என்று சலுகையில். மூன்றாம் வருஷம். இன்னும் ஒரு வருஷம் பாக்கி. இவ்வளவும் அந்தக் குழாயடியில் ஒரே மூச்சில் வந்து போய்விட்டது, பிறகு வாய் தானாகத் திறந்து, யார்ட்டயும் சொல்லாத, என்ன, என்றது. ஜெசிந்தா யோசித்தாள். அவள் யோசிக்கும்போது நெற்றி சுருங்காது, கண் மட்டும் ஒரே இடத்தில் நின்றுவிடும். டீச்சர்ட்டயும் சொல்லக் கூடாதா என்று கேட்டாள். டீச்சர்ட்டயும். அம்மாட்டயும்? அம்மாட்டயும். சரி என்று தலையாட்டிவிட்டு மேசைக்குப் போய் ஒன்று என்று முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

முப்பத்திரண்டு. துணி உள்ளே சுழல்கிற சத்தம் நின்று, தண்ணீர் வடிகிற சத்தம், பிறகு மறுபடி சுழல்கிற சத்தம். பிளீச்சிங் வாசனை மூக்கின் உள்பக்கம் எரிகிறது. பத்தொன்பது வருஷமாக இருக்கிற வாசனை, இன்றைக்குத்தான் எரிகிறது. காலையில் அபிநயா கண்ணாடி முன்னால் நின்று கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். திலகவதி கையில் துண்டை வைத்துக்கொண்டு, என்னமோ டிவியில் பார்த்ததைக் கேட்பது போல, ஏட்டி, யாருக்காவது ஊசி குத்திட்டுன்னா என்ன செய்யணும் என்று கேட்டாள். வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டே அபிநயா ஒப்பித்தாள், பரீட்சைக்குப் படித்தது அப்படியே இருந்தது. சோப்புத் தண்ணியில கழுவணும், பிதுக்கக் கூடாது, உடனே சொல்லணும், யாருக்குப் போட்ட ஊசின்னு பார்க்கணும், ரத்தம் எடுக்கணும், மாத்திரை ஆரம்பிக்கணும், ரெண்டு மணி நேரத்துக்குள்ளன்னா ரொம்ப நல்லது, எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல போனா பிரயோசனம் இல்ல, இருபத்தெட்டு நாள் சாப்பிடணும். ஹேர்பின்னை எடுத்துக் குத்திவிட்டு, ஏம்மா, உனக்கா என்று திரும்பிக் கையைப் பார்த்தாள். எனக்கில்ல என்றாள் திலகவதி. அது உண்மை. நேற்றிலிருந்து பேசினதில் அந்த ஒன்றுதான் உண்மை. அப்போதிலிருந்து தலைக்குள் ஒரு கூட்டல் ஓடிக்கொண்டே இருக்கிறது. நேற்று பதினொன்றே காலிலிருந்து இன்று பதினொன்றே கால் இருபத்து நாலு. மேலே ஒரு நாலு. இருபத்தெட்டு. எழுபத்திரண்டில் இருபத்தெட்டு போனால் நாற்பத்து நாலு. நாற்பத்து நாலு இருக்கிறதே, நாளைக்குச் சொல்லலாமே. நாளைக் காலையில் சொன்னால்கூட இருக்கிறது. இப்படி ஒரு ஆறுதல் வருகிறது, வந்த கையோடு போய்விடுகிறது, ஏனென்றால் பாக்கியத்தம்மாளும் நாளைக்கு நாளைக்கு என்றுதான் இருந்திருப்பாள்.

ஒன்றும் ஆகாது. ஆயிரத்தில் எத்தனை பேருக்கு ஆகிறது. செண்பகத்துக்கே ஒரு தடவை குத்தி, அவள் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டாள், நன்றாகத்தான் இருக்கிறாள். மூன்றாவது மாடி ஆண்கள் வார்டில் காய்ச்சல்காரர்கள், சர்க்கரைக்காரர்கள், வயதானவர்கள். வேறு யார். முப்பது கட்டிலில் வேறு யார் வேண்டுமானாலும் இருக்கலாம். பச்சை அட்டை. அந்த அட்டையைத் தூக்கிக் குப்பையில் போட்டது ஒரு ஞாபகம், காலையில் வந்ததும் குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடினது இன்னொரு ஞாபகம், கூடை காலி. தேடினது எதற்கு? கொண்டுபோய்க் காட்டவா, கிழித்துப் போடவா? ஜெசிந்தா எடுக்கிறாள், உதறுகிறாள், விளிம்போடு விளிம்பு. ஏழு. எட்டு. அவளுடைய அம்மா லூர்து மேரி முக்கூடலில் பீடி சுற்றுகிறவள், மகளை இங்கே பாளையங்கோட்டையில் சிறப்புப் பள்ளி விடுதியில் விட்டிருக்கிறாள். முதல் மாதம் ஒரு நாள் இங்கேயே வந்தாள், பையில் பனங்கிழங்கு கொண்டுவந்தாள். இதற்கு முன்னால் ஒரு துணிக்கடையில் சேர்த்தார்களாம், அங்கே மெதுவாகச் செய்கிறாள் என்று ஒருத்தன் அளவுகோலால் கையிலேயே அடித்திருக்கிறான், மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்ததாம், பிள்ளை சொல்லவே இல்லையாம். அதிலிருந்துதான் பெனிட்டா டீச்சர் அவளுக்கு வேலை பழக்குவதற்கு முன்னால் வாயைத் திறக்கப் பழக்கினாள். இங்கே வந்த பிறகு முதல் மாதம் முழு நாளும் டீச்சர் பக்கத்திலேயே இருந்தாள், இரண்டாம் மாதம் அரை நாள், இப்போது வாரத்துக்கு ஒரு தடவை. நான் கொஞ்சம் கொஞ்சமா விலகணும்க்கா, கடைசியில அவளுக்கு நான் இல்ல, நீங்கதான் என்று டீச்சர் சொன்னபோது திலகவதிக்குப் பெருமையாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. லூர்து மேரி பனங்கிழங்குப் பையை மேசையில் வைத்துவிட்டு, நீங்க ஏசினாக்கூடப் பரவால்லக்கா, அடிக்க மட்டும் செய்யாதிய என்றாள். சே, என்ன பேச்சு பேசுதிய என்று திலகவதி அவள் கையைப் பிடித்தாள். பீடி இலை வெட்டி வெட்டி அந்தக் கை மரம் மாதிரி இருந்தது. அடிக்கவில்லை. அடிக்கவே இல்லை.

இருபத்து மூன்று. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டுத் திலகவதி திரும்பினாள். டீச்சர் இல்லை, இரண்டாவது மாடி நர்ஸ், தலையணை உறை வாங்க வந்தவள். அடுக்கை வாங்கிக்கொண்டே, என்னம்மா ஜெசிந்தா, விரல்ல என்ன என்று கேட்டாள். ஜெசிந்தா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அவள் அதைச் செய்த வேகம். யாரும் பழக்காத வேகம். துணிக் கிளிப்பு நசுக்கிட்டு என்று திலகவதி இங்கிருந்தே சொன்னாள், நாற்காலியைவிட்டு எழாமல், சாதாரணமாக, சிரித்தாற்போல. நர்ஸ் பார்த்துச் செய்ம்மா என்றுவிட்டுப் போய்விட்டாள். ஜெசிந்தா திரும்பினாள். கிளிப்பு இல்லக்கா என்றாள். திருத்துகிற குரலில் சொன்னாள், பத்துக்குப் பதில் ஒன்பது இருந்தால் சொல்வாளே, அந்தக் குரல். கிளிப்பு இல்ல, ஊசி. திலகவதி வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். தெரியும்மா என்றாள். நர்சு அக்காட்ட கிளிப்புன்னு சொன்னேன், நீயும் யாராவது கேட்டா அப்படியே சொல்லு. ஜெசிந்தாவின் கண் ஒரே இடத்தில் நின்றது. கிளிப்பு, கிளிப்பு என்று உதடு இரண்டு தடவை அசைந்தது, புதிதாக ஒரு வேலையைச் சொல்லிக்கொடுத்தால் செய்வாளே, அப்படி. பிறகு விரலை நீட்டிப் பிடித்துக்கொண்டு அடுத்த உறையை எடுத்தாள்.

என்ன சொல்லிக்கொடுத்துவிட்டோம். வேண்டாம், நினைக்க வேண்டாம், படிவத்தைப் பார்க்கலாம். நாலாவது கேள்வி, மேற்பார்வை இல்லாமல் வேலை செய்ய முடியுமா. ஐந்தாவது, இவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறீர்களா. இதற்கு ஆமாம் என்று போட்டுவிடலாம். போட்டுவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வேலை. மாதா மாதம் சம்பளம், அடையாள அட்டை, அதில் அவள் படம். அது ஒரு பிராயச்சித்தம் மாதிரி இல்லையா. இந்தப் பக்கம் ஊசியைப் பற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று பார். என் வேலை போகும், அது ஒரு பக்கம். எச்.ஆர். சாருக்கு ஆரம்பத்திலேயே இஷ்டமில்லை, இந்த மாதிரிப் பிள்ளைகளைக் கீழே சலவையில் விட்டு ஏதாவது ஒன்று ஆச்சுன்னா யார் பதில் சொல்றது என்று கேட்டவர். அந்த ஏதாவது ஒன்று இதுதானே. ஜெசியை நிறுத்திவிடுவார்கள், சமையலறையில் இருக்கிற இன்னொரு பிள்ளையையும் நிறுத்திவிடுவார்கள், அடுத்த வருஷம் வர இருக்கிற நாலு பேருக்கும் கதவு சாத்தியாச்சு. ஆக, சொல்லாமல் இருப்பது அந்தப் பிள்ளைகளுக்காக. இந்த நியாயம் எவ்வளவு அழகாக மடிகிறது. விளிம்போடு விளிம்பு. திலகவதிக்குத் தன்மேல் அருவருப்பாக வந்தது, ஆனாலும் அந்த மடிப்பைப் பிரிக்க மனமில்லாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். நோய் வந்தாலும் வருஷக்கணக்காகும் தெரிய. அப்போது யாருக்கு ஞாபகம் இருக்கும். ஜெசிக்கு இருக்கும். இன்றைக்கு ஒரு நாள் வரலாம் என்றது, சோப்பு, கிளிப்பு, எல்லாம் அவளுக்கு வரிசையாக இருக்கும், அவள் எதையும் வரிசை மாற்றி வைக்கிறவள் இல்லை. ஆனால் சொல்ல மாட்டாள். சொல்லாதே என்றால் அவள் சொல்லவே மாட்டாள், துணிக்கடையில் மூன்று மாதம் சொல்லாதவள். அதுதான் எனக்குத் தைரியம். அதை நம்பித்தான் நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆக அந்த அளவுகோல்காரனும் நானும். திலகவதி எழுந்து நின்றாள், நின்றதும் எங்கே போகவென்று தெரியாமல் மெஷின் கண்ணாடியில் கையை வைத்தாள், சூடாக இருந்தது, எடுக்கவில்லை.

பத்து என்று விழுந்தபோது பெனிட்டா டீச்சர் வந்துவிட்டாள், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே. முப்பது வயதிருக்கும், ஸ்கூட்டரில் வந்த வேர்வை முகத்தில் இருந்தது, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். திலகவதியைப் பார்த்துச் சிரித்துவிட்டு நேரே மேசைக்குப் போனாள். அடுக்கைப் பார்த்தாள், அட்டைகளை எண்ணினாள், இன்னைக்குக் கொஞ்சம் குறையுதே என்றாள். பிறகு கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், இது என்னம்மா என்று கேட்டாள். ஜெசிந்தா கையை இழுக்கவில்லை. டீச்சரைப் பார்க்கவும் இல்லை. டீச்சரின் தோளுக்கு மேலாகத் திலகவதியைப் பார்த்தாள். பயந்த பார்வை இல்லை அது, கெஞ்சுகிற பார்வை இல்லை. சரியாகச் செய்கிறேனா என்று பார்க்கிற பார்வை. முதல் வாரத்தில் ஒவ்வொரு உறையை மடித்ததும் இப்படித்தான் திரும்பிப் பார்ப்பாள், திலகவதி தலையாட்டினால்தான் அடுத்ததை எடுப்பாள். கிளிப்பு நசுக்கிட்டு டீச்சர் என்றாள். தெளிவாக, திக்காமல், திலகவதி சொன்ன அதே சிரிப்போடு. சொல்லிவிட்டுத் தலையாட்டலுக்காகக் காத்து நின்றாள். டீச்சர் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தாள். எவ்வளவு தெளிவா சொல்லுதா பாருங்கக்கா, முன்னால எல்லாம் வாயே தொறக்க மாட்டா என்று திலகவதி பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் எவ்வளவு சந்தோஷம். நாற்பத்து நாலு, பச்சை அட்டை, அபிநயா, நாற்காலி, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதின, எதையும் திலகவதியால் நிறுத்தி வைத்துப் பார்க்க முடியவில்லை, ஜெசிந்தா இன்னும் தலையாட்டலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"ஊசி குத்தினது டீச்சர்," என்றாள் திலகவதி. "நேத்து பதினொண்ணே கால். நான்தான் கோட்டுக்கு உள்ள கூப்பிட்டேன். அவ மாட்டேன்னு சொன்னா."

பெனிட்டா டீச்சர் ஹெல்மெட்டை மேசையில் வைத்தாள். அது உருண்டு கீழே விழப் போனது, பிடித்து மறுபடி வைத்தாள். அவள் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எந்த வார்டு என்று மட்டும் கேட்டாள். மூன்றாவது மாடி ஆண்கள் வார்டு என்று திலகவதி சொன்னதும் ஜெசிந்தாவின் தோளில் கைபோட்டு நடக்கத் தொடங்கிவிட்டாள். ஜெசிந்தா திரும்பித் திரும்பி அடுக்கைப் பார்த்தாள், எட்டு, இன்னும் ரெண்டு இருக்கு என்றாள், வந்து மடிக்கலாம் என்று டீச்சர் சொன்னாள். திலகவதி பின்னாலேயே போனாள். கேஷுவாலிட்டிக்கு இரண்டு தாழ்வாரம் கடக்க வேண்டும். நடக்க நடக்கக் கால் லேசாகவில்லை. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பதெல்லாம் பொய். பயம் அப்படியேதான் இருந்தது, ஆனால் இப்போது அதற்கு மணிக்கணக்கு இல்லை, ஆள் ஆளாக எதிரே வந்தது. டியூட்டி டாக்டர், சின்னப் பையன் மாதிரி இருந்தான், நோட்டில் எழுத எழுத நிமிர்ந்து நிமிர்ந்து திலகவதியைப் பார்த்தான். எத்தனை மணி, என்ன கையுறை, ஏன் நேற்றே வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் சொன்னாள். கடைசிக் கேள்விக்கு, பயந்துட்டேன் என்றாள், அவன் அதை அப்படியே எழுதினானா, வேறு மாதிரி எழுதினானா தெரியவில்லை. நேரம் இருக்கு, தாமதம்தான், ஆனா கை மீறல என்றான். மூன்றாவது மாடிக்குப் போன் போட்டு அங்கே இருந்தவர்களின் விவரம் கேட்டான். ரத்தம் எடுக்கும்போது ஜெசிந்தா வலிக்கி என்று சத்தமாகச் சொன்னாள், டீச்சர், சொல்லு, நல்லாச் சொல்லு என்றாள். முதல் மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தார்கள். மூன்று மாதத்துக்கு ரத்தம் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், அதுவரை எதுவும் அடித்துச் சொல்ல முடியாது என்றான் டாக்டர். எச்.ஆர். சார் இறங்கி வந்தார், வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டார், காலையில் பத்து மணிக்கு எழுத்து மூலம் விளக்கத்தோடு மாடிக்கு வரச் சொன்னார். பிள்ளையின் வேலையைப் பற்றி டீச்சர் கேட்டதற்கு, அதையும் நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அந்த அதையும் என்ற வார்த்தையிலிருந்து திலகவதியால் எதையும் பிரித்தெடுக்க முடியவில்லை. படிவம் அவள் கையில்தான் இருந்தது, வேர்வையில் நனைந்து நடுவில் மடிந்து போயிருந்தது. தாழ்வாரத்துப் பெஞ்சில் வைத்து, மூன்றாவது கேள்விக்கு நேரே எப்போதும் என்று போட்டாள். மீதி மூன்றையும் போட்டுக் கையெழுத்து வைத்தாள். தன் கையெழுத்துக்கு நாளைக்கு மதிப்பு இருக்குமோ என்னமோ.

டீச்சர் போனை எடுத்து லூர்து மேரியின் எண்ணைப் போட்டு, அடிக்கத் தொடங்கியதும் திலகவதியிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்கக்கா." குரலில் கோபம் இருந்ததா என்றால் இல்லை, இரக்கமும் இல்லை. போன் கையில் கனத்தது. நாலு தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்கள். பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம், ரேடியோ. சூப்பர்வைசர் திலகவதி என்றதுமே லூர்து மேரி, அக்கா, நீங்களா, இன்னைக்குத்தான பேப்பர்ல எழுதுதிய, டீச்சர் சொல்லிச்சு, காலையில இருந்து பீடியே ஓடல, என்னாச்சு, பிள்ளைக்கு வேலை போட்டுட்டாவளா என்று மூச்சுவிடாமல் கேட்டாள். கேட்டுவிட்டு யாரிடமோ ரேடியோவை அமர்த்தச் சொன்னாள். திலகவதி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள், பிறகு அப்படி நிற்கக் கூடாதென்று தோன்றி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவைப் பார்த்தபடி திரும்பினாள். முதலிலிருந்து சொன்னாள். செண்பகம் லீவு என்பதைச் சொல்லவில்லை. எட்டு மூட்டை என்பதைச் சொல்லவில்லை. கூப்பிட்டேன், வரக் கூடாதுன்னு சொன்னா, வரலாம்னு சொன்னேன், குத்திட்டு, உங்கட்டக்கூடச் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சொல்லிவச்சேன், மாத்திரை கொடுத்திருக்காவ. அந்தப் பக்கம் ரேடியோவும் இல்லை. லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஏசப் போகிறாள், ஏசட்டும், அழப் போகிறாள், எது வந்தாலும் போனை வைக்கக் கூடாது என்று காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இப்ப அவ பக்கத்துல யாரு இருக்கா?" என்று கேட்டாள் லூர்து மேரி.

"நான்தான் இருக்கேன்."

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்தது, மூடியது.

"எனக்குப் பஸ் பிடிச்சு வர ஒரு மணி நேரம் ஆகும்," என்றாள். "அதுவரைக்கும் அவள விட்டுட்டு எங்கயும் போயிராதிய."

போகல என்று திலகவதி சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது. போனை டீச்சரிடம் கொடுத்துவிட்டு அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஜெசிந்தா மருந்துச் சீட்டை முழங்காலில் வைத்து விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்துக்கொண்டிருந்தாள். கசக்கு என்றாள், நாக்கை நீட்டிக் காட்டினாள். திலகவதி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள், குடித்துவிட்டுத் தந்ததை மூடிக் கையில் வைத்துக்கொண்டாள். தாழ்வாரத்துக் கடிகாரத்தில் நாலு இருபது. ஒரு மணி நேரம்.